சின்ன காலேஜ்ல எம்எஸ்சி மேத்ஸ் சேரலாமா? மலையிலேயே இருக்கறதா, கோயமுத்தூர் போறதா?

கட்டபெட்டு கயல் (கேள்வி)

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. வீட்ல யாருகிட்டயும் இதை முழுசா பேச முடியல, அதான் இங்க கொட்டறேன்.

பிஎஸ்சி மேத்ஸ் இந்த வருஷம்தான் முடிச்சேன். 82 பர்சண்ட். எம்எஸ்சி மேத்ஸ்தான் படிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், அதுல டவுட் இல்ல, எங்க படிக்கறதுங்கறதுதான் பிரச்சனை. மலையிலேயே ஒரு காலேஜ்ல இடம் கிடைக்கும். பேரு போடல, நீலகிரியில பிஜி மேத்ஸ் இருக்கற காலேஜ விரல் விட்டு எண்ணிடலாம், அங்க இருக்கற சார் மேடம் யாராச்சும் இதை படிச்சா சங்கடம். கிளாஸுக்கு பத்து பேரு சேந்தாலே பெரிசு, அதுலயும் நடுவுல கல்யாணம் ஆகி நின்னுடறவங்க உண்டு. ஸ்டாஃப்ல பாதிக்கு மேல கெஸ்ட் லெக்சரர், அவங்களும் அடிக்கடி மாறிடறாங்கன்னு சீனியருங்க சொல்றாங்க. லைப்ரரியில புக்கு இருக்கு, பழசு.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய பிரைவேட் காலேஜ்லயும் அப்ளை பண்ணி சீட் வந்துருச்சு. அங்க ஒரு செக்‌ஷனுக்கு அம்பது பேரு, நெட் (காலேஜ் லெக்சரர் ஆகறதுக்கான தகுதித் தேர்வு) கோச்சிங் உள்ளயே இருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க. ஆனா ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேத்து கூட்டிப் பாத்தா தல சுத்துது. அப்பாவுக்கு கொஞ்சம் தேயிலத் தோட்டம் இருக்கு, அம்மா பக்கத்து எஸ்டேட்டுக்கு கொழுந்து பறிக்கப் போறாங்க, பச்ச எல வெல எப்படி இருக்குன்னு மலையில இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வந்துட்டு இருந்துச்சு, அதுவும் யூஜியோட நின்னுருச்சு.

எனக்கு பிஎச்டி பண்ணணும்னு ஆச. சத்தமா சொன்னா சிரிப்பாங்களோன்னு இங்கதான் மொத தடவ எழுதறேன். சின்ன காலேஜ்ல எம்எஸ்சி பண்ணினா ஐஐடி, ஐசர் மாதிரி எடத்துல எல்லாம் எடுப்பாங்களா, இல்ல காலேஜ் பேர பாத்தே தூக்கிப் போட்டுடுவாங்களா? எங்க மாமா வேற ‘எதுக்கு இந்த வம்பு, பேசாம பிஎட் பண்ணு, ஸ்கூல்ல போய் உக்காரு’ன்னு தெனமும் ஓதறாரு. படிச்சவங்க யாராச்சும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க, ஆறுதல் வேணாம்.

குன்னூர் கணக்கு டீச்சர்

கண்ணு, உங்க மாமா சொல்றதுல பாதி சரி பாதி தப்பு. நான் மேல்நிலைக்கு கணக்கு எடுக்கறவ, அதனால இந்தப் பக்கத்து விவரம் மட்டும் சொல்றேன்.

கவர்மெண்ட் ஸ்கூல்ல பதினொண்ணு பன்னெண்டுக்கு பாடம் எடுக்கணும்னா பிஜி டிஆர்பி எழுதணும், அதுக்கு எம்எஸ்சியும் வேணும் பிஎட்டும் வேணும். வெறும் பிஎஸ்சி பிஎட்டோட நின்னா பத்தாவது வரைக்கும்தான். பிஎட் இப்ப ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, எங்க காலத்துல ஒரு வருஷத்துல முடிச்சுட்டு வந்துட்டோம். ஆக எம்எஸ்சி ரெண்டு பிஎட் ரெண்டுன்னு நாலு வருஷம், அப்பறம் நோட்டிஃபிகேஷன் எப்ப வரும்னு வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். பரீட்சையில 150 கேள்வியில 110 மேத்ஸ், மிச்சம் எஜுகேஷன் மெத்தடாலஜியும் ஜிகேவும். அந்த 110 எம்எஸ்சி லெவல்லதான் வரும், அதனால எம்எஸ்சிய ஒழுங்கா படிச்சவங்களுக்கு அது ஒண்ணும் மல இல்ல. தமிழ் தகுதித் தேர்வுன்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க, கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைக்கு அது பிரச்சனையே இல்ல.

காலேஜ்ல அசிஸ்டெண்ட் புரொபசர் ஆகணும்னா நெட் இல்லாட்டி செட் (அதே மாதிரி ஸ்டேட் லெவல் தேர்வு) பாஸ் பண்ணியிருக்கணும். 2023ல யுஜிசி ரூல மாத்தி பிஎச்டி கட்டாயம் இல்லைன்னுட்டாங்க, ஆனா போட்டியில நிக்கறவன் எல்லாம் பிஎச்டியோடதான் நிக்கறான்.

உங்களுக்கு பிஎச்டி ஆசைன்னா பிஎட்ட இப்ப தொடாதீங்க. அது எங்கயும் ஓடிப் போகாது. எம்எஸ்சியில படிச்ச சூட்டோட நெட் எழுதறதுக்கும், ரெண்டு வருஷம் லெசன் பிளான் எழுதிட்டு வந்து எழுதறதுக்கும் ரொம்ப வித்தியாசம். எங்கூட படிச்சவங்களையே பாத்திருக்கேன்.

மஞ்சூர் மாப்ள

இப்ப ஒருத்தர் வந்து ராமானுஜன் கும்பகோணத்துல ஃபெயில் ஆனவருதான்னு ஆரம்பிப்பாரு பாருங்க 😀 அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன், மேத்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறீங்க, எம்சிஏ இல்லன்னா டேட்டா சயின்ஸ் போங்க. என் ஃப்ரெண்டு எம்எஸ்சி மேத்ஸ் முடிச்சுட்டு சேரிங்கிராஸ்ல மொபைல் கடையில நிக்கறான். மலையில கணக்குக்கு என்ன வேல இருக்கு சொல்லுங்க.

பாலடாக்காரன்

@மஞ்சூர் மாப்ள, மலையில கணக்குக்கு வேல இல்லையா? எங்க ஊரு முத்தொரை பக்கம் வந்து பாரு தம்பி. ரேடியோ டெலஸ்கோப் ஒண்ணு நிக்குது, 530 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலம், 1970ல விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் டீம் கட்டினது, டிஐஎஃப்ஆர்ங்கற டாட்டா ஆராய்ச்சி நிறுவனம்தான் இன்னிக்கும் நடத்துது. அத ஏன் இங்க கொண்டு வந்து வச்சாங்கன்னு தெரியுமா, குளிருக்கு இல்ல. அந்த சரிவு வடக்கு தெக்கா கிட்டத்தட்ட 11 டிகிரி சாஞ்சிருக்கு, ஊட்டியோட அட்சரேகையும் அதே 11 டிகிரி சொச்சம். அப்ப சரிவு மேல நீட்டி படுக்க வச்ச டெலஸ்கோப்போட அச்சு பூமி சுத்தற அச்சுக்கு பேரலலா வந்துடுது. ஒரே ஒரு அச்சுல கிழக்குலேருந்து மேற்கா உருட்டினா போதும், ஒரு நட்சத்திரத்த ஒம்பதர மணி நேரம் விடாம பின்னாடியே போகலாம். எட்டாங் கிளாஸ் ஜாமெட்ரிதான், ஆனா அத மலையில தேடிக் கண்டுபிடிச்சானுங்க பாத்தியா.

அந்தப் புள்ள கேட்டதுக்கு இது பதில் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் மொபைல் கடைன்னு சொன்னதுல கடுப்பாயிட்டேன்.

கோவை ஹாஸ்டல் ரூம்மேட்

நான் கயல் சொல்ற மாதிரி ஒரு பெரிய பிரைவேட் காலேஜ்லதான் எம்எஸ்சி முடிச்சேன், கூடலூர்லேருந்து எறங்கிப் போனவ. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிடறேன்.

நல்லது என்னன்னா ஸ்டாஃப் எல்லாம் டயத்துக்கு வருவாங்க, போர்ஷன் முடியும், லைப்ரரி ராத்திரி வரைக்கும் தொறந்திருக்கும், சுத்தி நெட்டுக்கு படிக்கற புள்ளைங்க நாலு பேராவது இருப்பாங்க. அந்த நாலு பேருதான் முக்கியம், மத்தபடி பில்டிங் ஏசி ஹால் எல்லாம் சும்மா. கெட்டது என்னன்னா அம்பது பேருல நீங்க ஒரு ரோல் நம்பர். ரெண்டு வருஷத்துல நான் போர்டு பக்கம் போனது செமினார் மார்க்குக்காக மட்டும்தான், அதுவும் பிபிடி. மேத்ஸுக்கு பிபிடி! தியரத்த ஸ்லைட்ல ஒட்டி படிச்சுக் காட்டிட்டு வந்து உக்காந்தேன், இண்டர்னல் ஃபுல் மார்க். உள்ளயே நெட் கோச்சிங்னு போட்டிருக்கறது என் காலேஜ்ல சனிக்கிழம சாயங்காலம் பழைய கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ் குடுக்கறதோட சரி. எல்லா எடத்துலயும் அப்படித்தான்னு சொல்ல மாட்டேன், போய் விசாரிச்சுக்கங்க.

இன்னொண்ணு, கடன வாங்கி ஹாஸ்டல்ல உக்காந்தா தலையில அது ஓடிட்டே இருக்கும். மெஸ் ஃபீஸ் கட்ட கடசி தேதி வர்றப்ப எல்லாம் எனக்கு படிப்பே ஏறாது. அப்பாவுக்கு போன் பண்ணவே கூச்சமா இருக்கும்.

பனிக்கால சீனியர்

கயல், நான் நீங்க சொல்ற மாதிரியே மலையில ஒரு சின்ன காலேஜ்ல எம்எஸ்சி பண்ணிட்டு இப்ப கீழ பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன். அக்கான்னே கூப்பிடலாம். ஆறுதல் வேணாம்னு சொன்னது புடிச்சுது, அதனால நேரா வர்றேன்.

மொதல்ல பிஎச்டிக்கு எடுப்பாங்களாங்கற கேள்வி. காலேஜ் பேரு பாத்து தூக்கிப் போடறது எல்லாம் பெருசா இல்ல, வாசல்ல அவங்க பாக்கறது நெட்டோ, கேட்டோ, என்பிஹெச்எம்மோ (நேஷனல் போர்டு ஃபார் ஹையர் மேத்தமேடிக்ஸ் வைக்கற தேர்வு) ஒண்ணு பாஸ் பண்ணியிருக்கோமான்னு. அதுக்கப்பறம் இண்டர்வ்யூ. இண்டர்வ்யூவுலதான் மேட்டரே இருக்கு. மூணு நாலு பேரு உக்காந்துட்டு உனக்கு புடிச்ச சப்ஜெக்ட் சொல்லுன்னுவாங்க, நீங்க ரியல் அனாலிசிஸ்னு சொல்லுவீங்க (எல்லாரும் அதத்தான் சொல்லுவோம்), உடனே சாக்பீச கையில குடுத்துடுவாங்க. அங்க ‘ஸ்டேட் அண்ட் ப்ரூவ்’ கேக்க மாட்டாங்க. கண்டிஷன் ஒண்ண எடுத்துட்டா தியரம் நிக்குமா, நிக்காதுன்னா எக்சாம்பிள் குடு, இப்படித்தான் போகும்.

நம்ம யூனிவர்சிட்டி பரீட்சைக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம். யூனிஃபார்ம் கண்டினியூட்டிய எடுத்துக்கங்க (வேல்யூ எப்சிலானுக்குள்ள நகரணும்னா எக்ஸ் எந்த டெல்டாவுக்குள்ள நகரணுமோ, அந்த டெல்டா எல்லா எடத்துக்கும் ஒண்ணா இருக்கறது). யூனிவர்சிட்டி பேப்பர்ல ‘காம்பாக்ட் செட்ல கண்டினியூவஸ் ஃபங்ஷன் யூனிஃபார்ம்லி கண்டினியூவஸ், நிறுவுக’ன்னு வரும், ரூடின்ங்கற அனாலிசிஸ் புக்குல இருக்கற ப்ரூஃப மனப்பாடம் பண்ணி ஒரு பக்கம் எழுதினா முழு மார்க். நெட்ல என்ன கேப்பான்னா நாலு ஃபங்ஷன் குடுத்து எது எது யூனிஃபார்ம்லி கண்டினியூவஸ்னு கேப்பான். 0க்கும் 1க்கும் நடுவுல, ரெண்டு முனையையும் சேக்காம, சைன் ஒன் பை எக்ஸ். கண்டினியூவஸ்தான், மைனஸ் 1க்கும் 1க்கும் நடுவுலயேதான் இருக்கு, ஆனா யூனிஃபார்ம் இல்ல, 0 கிட்ட போகப் போக கன்னாபின்னான்னு ஆடுது. அதையே எக்ஸால பெருக்கி எக்ஸ் சைன் ஒன் பை எக்ஸ்னு வச்சா யூனிஃபார்ம் ஆயிடும், ஏன்னா 0ல 0ன்னு ஒரு வேல்யூ குடுத்து மூடிடலாம், 1லயும் மூடிடலாம், இப்ப காம்பாக்ட் செட்டுக்கு (இங்க ரெண்டு முனையும் சேந்த 0லேருந்து 1 வரைக்கும்) வந்துட்டோம், அந்த மனப்பாடம் பண்ணின தியரம் இங்கதான் வேலைக்கு ஆகுது. தியரம் தெரிஞ்சவன் எல்லாருக்கும் இது வராது. நாலு எக்சாம்பிள போட்டு பொரட்டினவனுக்குத்தான் வரும். நெட் பார்ட் சியில 60 கேள்வி இருக்கும், 20 எழுதினா போதும், ஒண்ணுக்கு 4.75 மார்க், நெகட்டிவ் கிடையாது. கேக்க நல்லாதான் இருக்கும். ஆனா சரியான ஆப்ஷன் எத்தன இருக்கோ அத்தனையும் புடிக்கணும், ஒண்ணு விட்டாலும் ஒண்ணு கூட போட்டாலும் சைபர். அரகொறையா தெரிஞ்சா அங்க செல்லாது.

சரி, சின்ன கிளாஸ் இதுக்கு நல்லதா கெட்டதா? என் அனுபவத்துல, ஒளிய எடம் இல்லாததுதான் நல்லது. எங்க கிளாஸ்ல மழ பெஞ்சு பஸ் வராட்டி நாங்க மூணு பேருதான். அல்ஜீப்ரா எடுத்த மேடம் அன்னிக்கு பாடம் நடத்த மாட்டாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் போர்ட பிரிச்சு குடுத்து ஹெர்ஸ்டைன் அல்ஜீப்ரா புக்குல இருந்து கணக்கு போடச் சொல்லிட்டு பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்குவாங்க. நாம போட்டுட்டே இருக்கறப்ப பின்னாடிலேருந்து ‘ஏன்?’னு ஒரு குரல் வரும். அவ்வளவுதான் சொல்லுவாங்க. அந்த லைன் ஏன் வந்துச்சுன்னு சொல்ல முடியலைன்னா அழிச்சுட்டு மறுபடி. டிசம்பர்ல ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டுட்டு விரல் மரத்துப் போயி சாக்பீச புடிக்கவே வராது, அப்பவும் ‘ஏன்?’. அவங்களும் கெஸ்ட் லெக்சரர்தான், தெரிஞ்சுக்கங்க. பர்மனெண்ட்டா கெஸ்ட்டாங்கறத வச்சு ஆள எட போடாதீங்க. வருஷத்துக்கு வருஷம் மாறிடறாங்கங்கறது மட்டும் நெசமான கஷ்டம், அது அவங்க தப்பும் இல்ல.

கெட்டதும் உண்டு. மெஷர் தியரியில கடசி ரெண்டு யூனிட் எங்களுக்கு நடத்தவே இல்ல, நீங்களே பாத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க. மழைக்கு கலெக்டர் லீவு விட்டா விட்டதுதான், அந்த போர்ஷன் திரும்ப வராது. அத விட பெரிய கொற, வாதாட ஆள் கிடையாது. நான் போட்ட ப்ரூஃப் தப்புன்னு சொல்ல கிளாஸ்ல யாரும் இல்லாதப்ப எல்லாமே சரின்னு நெனச்சுக்குவோம். இது ரொம்ப டேஞ்சர்.

இதுக்கு வெளிய போய்த்தான் ஆகணும். எம்டிடிஎஸ்னு ஒரு மேத்ஸ் கேம்ப் இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? 1993லேருந்து நடக்குது, குமரேசன் சார் ஆரம்பிச்சது, என்பிஹெச்எம் பணத்துல. மே ஜூன்ல நாலு வாரம், நாடு பூரா சில எடத்துல வச்சு நடத்துவாங்க, யூஜிக்கு தனி லெவல் எம்எஸ்சி மொத வருஷத்துக்கு தனி லெவல். நான் போனப்ப தங்கறது சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க. அங்க நோட்ஸ் குடுக்க மாட்டாங்க, கேள்வியா கேட்டு கேட்டு டெஃபனிஷனையே நம்ம வாயிலேருந்து வர வைப்பாங்க. மொத வாரம் அழுதுட்டேன், வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. என்னைய மாதிரியே சின்ன ஊரு காலேஜ்லேருந்து வந்தவங்க நெறைய பேரு, பாதி பேருக்கு இங்கிலீஷும் என்னைய மாதிரிதான். அதுல ரெண்டு பேரு கூட இன்னிக்கும் வாட்சப்ல ப்ரூஃப் அனுப்பி சண்ட போட்டுக்கறோம். அப்ளிகேஷன் கூப்பிடறப்ப ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் கேப்பாங்க, சின்ன காலேஜ்ல அத எழுதற மேடத்துக்கு உங்கள நெசமாவே தெரியும், அது ஒரு பிளஸ்.

நடத்தாம விட்ட போர்ஷனுக்கு என்பிடெல். ஐஐடி சாருங்க எடுத்தது, வீடியோ பாக்க காசு இல்ல, சர்ட்டிஃபிகேட் பரீட்சைக்குத்தான் காசு. நான் ராத்திரி டவுன்லோட் போட்டுட்டு பஸ்ல பாப்பேன், தொட்டபெட்டா தாண்டறப்ப டவர் போயிடும்ங்கறதால. வீடியோ பாத்தா புரிஞ்ச மாதிரியே இருக்கும், நம்பாதீங்க. பாஸ் பண்ணிட்டு அடுத்த லைன நீங்களே நோட்ல எழுதிட்டு அப்பறம் ப்ளே பண்ணுங்க.

காசு விஷயத்துல ஒண்ணு: யுஜிசி நேஷனல் ஸ்காலர்ஷிப் பிஜிக்குன்னு இருக்கு, மாசம் 15,000, வருஷத்துக்கு பத்து மாசம், ரெண்டு வருஷத்துக்கும். யூஜி மார்க் வச்சு எடுக்கறாங்க, பொண்ணுங்களுக்கு 30 பர்சண்ட் ஒதுக்கீடு. ரெகுலர்ல மொத வருஷம் சேந்தவங்கதான் போட முடியும், கரெஸ்பாண்டன்ஸ்ல படிச்சா கிடையாது. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல எப்ப தொறக்கறாங்கன்னு பாத்துட்டே இருங்க, காலேஜ் ஆபீஸ்ல சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க, சொல்ல மாட்டாங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேல செய்யுங்க. அந்த காலேஜ்ல இப்ப செகண்ட் இயர் படிக்கற யாராச்சும் ஒருத்தரோட அனாலிசிஸ் நோட்ட வாங்கிப் பாருங்க. தியரம், ப்ரூஃப், தியரம், ப்ரூஃப்னு அழகா அண்டர்லைன் போட்டு இருந்தா அங்க டிக்டேஷன் நடக்குதுன்னு அர்த்தம். நடுவுல எக்சர்சைஸ் போட்டு, அடிச்சு, யாராச்சும் செவப்பு இங்க்ல கிறுக்கியிருந்தா கண்ண மூடிட்டு சேருங்க. கோயமுத்தூர் காலேஜ்லயும் இதே டெஸ்ட்தான்.

குன்னூர் கணக்கு டீச்சர்

சீனியர் பொண்ணு சொன்ன நோட்டு டெஸ்ட் அருமை, ஸ்கூலுக்கும் அதேதான்.

மஞ்சூர் தம்பிக்கு ஒண்ணு: ராமானுஜன் தவிர வேற ஆளே தெரியாதா உங்களுக்கு? எஸ்.எஸ். பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தாரு, செங்கோட்ட பக்கம் வல்லம், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்டியன் காலேஜ்லயும் திருவனந்தபுரத்துலயும் படிச்சவரு. அண்ணாமலை யூனிவர்சிட்டியில இருந்துட்டே வாரிங்ஸ் ப்ராப்ளத்துல (ஒரு எண்ண எத்தன வர்க்கம், கனம் மாதிரி அடுக்குகளோட கூட்டலா எழுதலாம்ங்கற கேள்வி) உலகமே திரும்பிப் பாக்கற வேல பண்ணினாரு. 1950ல அமெரிக்கா போற வழியில கெய்ரோ பக்கம் பிளேன் விபத்துல போயிட்டாரு. அவரப் பத்தி நம்ம ஊரு மேத்ஸ் புள்ளைங்களுக்கே தெரியல, என் வருத்தம் அது. சரி அத விடுங்க.

கயல், பஸ் விஷயம் யோசிச்சீங்களா? 2024லேருந்து மலையிலயும் சாதா பஸ்ல லேடீஸுக்கு ஃப்ரீதான், அதனால காசு மிச்சம். ஆனா தெனம் போக வர எத்தன நேரம் போகுதுன்னு பாருங்க, ஊட்டி சைடுன்னா வீட்ல வந்து படிக்க தெம்பு இருக்குமான்னும் பாருங்க. நடு வாரத்துல தங்கற மாதிரி டவுன்ல சொந்தக்காரங்க வீடு இருந்தா நல்லது.

மஞ்சூர் மாப்ள

டீச்சர் நான் பிபிஏ, விட்டுடுங்க 🙏 டெலஸ்கோப் அண்ணனுக்கும் சாரி. முத்தொரை வழியா எத்தனையோ தடவ போயிருக்கேன், அது ஏதோ ஈபி லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

கட்டபெட்டு கயல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இத்தன பேரு எழுதுவீங்கன்னு நெனக்கல. கூடலூர் அக்கா சொன்ன மெஸ் ஃபீஸ் விஷயத்த அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்க ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

இன்னிக்கு அந்த காலேஜுக்கு போயி செகண்ட் இயர் அக்கா ஒருத்தங்ககிட்ட நோட்டு வாங்கிப் பாத்தேன். ரெண்டுங்கெட்டானா இருக்கு. அனாலிசிஸ் நோட்டு முழுக்க நீங்க சொன்ன மாதிரி அழகா அண்டர்லைன். ஆனா டோபாலஜி நோட்டுல மார்ஜின் பூரா செவப்பு இங்க், ஒரு எடத்துல பக்கம் பூரா அடிச்சுட்டு ‘திரும்ப வா’ன்னு மட்டும் எழுதியிருக்கு. அந்த சார் எப்பிடின்னு கேட்டேன், எல்லாருக்கும் அவரக் கண்டா பயமாம், மூணு மணிக்கு மேல ஸ்டாஃப் ரூமுக்கு போனா பஸ்ஸ விட்டுட்டுத்தான் வரணுமாம். அவரு பர்மனெண்ட்டாம், ரிட்டயர்மெண்ட்டும் இப்போதைக்கு இல்லையாம், அதையும் கேட்டுட்டுத்தான் வந்தேன் 😀

ஒரு சந்தேகம் அக்கா. அனாலிசிஸ்தான் முக்கியம்னு சொல்றீங்க, அதுக்கே நல்ல ஆள் இல்லைன்னா எப்பிடி சமாளிக்கறது? யூனிஃபார்ம் கண்டினியூட்டி பத்தி நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். எனக்கு டெஃபனிஷன் தெரியும், ஆனா அந்த மாதிரி யாரும் எங்களுக்கு காட்டினதே இல்ல.

பனிக்கால சீனியர்

ஒரு செவப்பு இங்க் சார் போதும். அவருகிட்ட டோபாலஜி மட்டும்தான் கேக்கணும்னு சட்டமா? அனாலிசிஸ் நோட்டையும் தூக்கிட்டு போங்க. மொத தடவ திட்டுவாரு, அடுத்த தடவ உக்காரச் சொல்லுவாரு, அந்த டைப் ஆளுங்க எல்லாம் யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்காங்க.

அனாலிசிஸுக்கு என்பிடெல்லும் ரூடினும். ரூடின மொத நாளே புடிச்சா மண்டை காயும், அதுல ஒரு லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவுல அர பக்கம் வேல நாம பண்ணிக்கணும். அதத்தான் பண்ணணும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போனா போதும்.

இப்பவே ஒண்ணு போட்டுப் பாருங்க. ரூட் எக்ஸ், 0லேருந்து இன்ஃபினிட்டி வரைக்கும். 0 கிட்ட அதோட ஸ்லோப் எங்கயோ போகுது, லிமிட்டே இல்லாம. அப்ப யூனிஃபார்ம்லி கண்டினியூவஸா இல்லையா? இண்டர்நெட்ல தேடாம போடுங்க. இங்கயே எழுதுங்க.

கட்டபெட்டு கயல்

நேத்து ராத்திரி கரண்ட் இல்ல, மெழுகுவத்தி வச்சுட்டு போட்டேன். மொதல்ல ஸ்லோப் லிமிட் இல்லாம போறதால யூனிஃபார்ம் இல்லைன்னுதான் எழுத வந்தேன், அப்பறம் 0லேருந்து 1 வரைக்கும் முனையும் சேத்து எடுத்தா அது காம்பாக்ட், அங்க யூனிஃபார்ம் ஆகித்தான் தீரணும்னு தோணுச்சு. அப்ப ஸ்லோப் பெரிசானா தப்புன்னு அர்த்தம் இல்ல.

என் பதில்: யூனிஃபார்ம்லி கண்டினியூவஸ். ரூட் எக்ஸ் மைனஸ் ரூட் ஒய், அதோட மாடுலஸ், எப்பவும் ரூட் ஆஃப் மாட் எக்ஸ் மைனஸ் ஒய்ய விட பெரிசா போகாது. அதனால எப்சிலான் எதக் குடுத்தாலும் டெல்டாவ எப்சிலான் ஸ்கொயர்னு எடுத்தா போதும். டெல்டா எக்ஸ நம்பி இல்ல. முடிஞ்சுது. சரியாக்கா?

பனிக்கால சீனியர்

விட சரி. டெல்டா எப்சிலான் ஸ்கொயர்னு நீங்களா புடிச்சது ரொம்ப சந்தோஷம்.

ஆனா ‘எப்பவும் பெரிசா போகாது’ன்னு எழுதியிருக்கீங்களே, ஏன்?

கட்டபெட்டு கயல்

ஐயோ. இருங்க.

ரூட் எக்ஸ் மைனஸ் ரூட் ஒய்யோட மாடுலஸ ஸ்கொயர் பண்றேன். அதுல ரெண்டு தடவ ரூட் எக்ஸ் மைனஸ் ரூட் ஒய் இருக்கு. ஒண்ண அப்பிடியே வச்சுட்டு இன்னொண்ண ரூட் எக்ஸ் பிளஸ் ரூட் ஒய்யா மாத்தறேன், ரெண்டு ரூட்டும் நெகட்டிவ் இல்ல, அதனால பிளஸ் போட்டது மைனஸோட மாடுலஸ விட சின்னதா இருக்காது. இப்ப மைனஸயும் பிளஸயும் பெருக்கினா மாட் எக்ஸ் மைனஸ் ஒய். ஆக ஸ்கொயர் அத விட பெரிசு இல்ல, ரூட் எடுத்தா நான் சொன்னது வந்துடுது.

பனிக்கால சீனியர்

இதத்தான் மொதல்லயே எழுதியிருக்கணும். இந்த ரெண்டு லைன் இல்லாம அந்த டோபாலஜி சார்கிட்ட கொண்டு போயிருந்தா ‘திரும்ப வா’தான்.

அடுத்தது சைன் எக்ஸ் ஸ்கொயர், ரியல் லைன் பூரா. எக்ஸத்தான் ஸ்கொயர் பண்றோம், சைன இல்ல. அட்மிஷன் ஃபீஸ் கட்டிட்டு வந்து போடுங்க, கடசி தேதிய விட்டுடாதீங்க, டிசியும் கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட்டும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க.